காக்காவின் குட்டைக் குதிரை

முதலில் தெரிந்தது ஒரு கால். துபாய் விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் அந்தப் பெரிய பெட்டியின் கதவைத் திறந்து சாய்பலகையை இறக்கியதும், உள்ளேயிருந்து ஒரு குளம்பு வெளியே வந்து பலகையின்மேல் மெதுவாகப் பதிந்தது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு அந்த அளவு இருக்கும். முழங்காலுக்குக் கீழே வெள்ளை முடி புசுபுசுவென்று வழிந்து குளம்பை மூடியிருந்தது. யாரோ குதிரைக்கு பெல்பாட்டம் தைத்துப் போட்டதுபோல இருந்தது. அதன் பின்னால் மார்பு வந்தது, வந்துகொண்டே இருந்தது. பிறகு, மினுமினுக்கும் கறுப்பு நிறத்தில், ஒரு முதுகு. கடைசியில் வாலும் வந்து சேர்ந்தபோது என் பக்கத்தில் நின்றிருந்த காக்கா கையிலிருந்த அனுமதிக் காகிதத்தைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், அதன்பிறகு என்னைப் பார்த்தார். காகிதத்தில் 'குட்டைக் குதிரை, ஒன்று' என்று இருந்தது. அதை நிரப்பியவள் நான்.

காக்கா எங்கள் மேனேஜர், அதிராம்பட்டினத்துக்காரர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். துபாயின் தேரா பகுதியில், இறக்குமதிக் காகித வேலை பார்க்கும் எங்கள் கிளியரிங் அலுவலகத்தில் மலையாளி, பாகிஸ்தானி, பிலிப்பினோ எல்லோருக்குமே அவர் காக்காதான். திருச்சியிலிருந்து புதிதாக வந்திருந்த நான், "காக்கா கூப்பிடுறாரு" என்று யாராவது சொன்னால் முதல் இரண்டு நாள் ஜன்னல் பக்கம் பார்த்தேன். ஐந்தடியைக் கொஞ்சம் தாண்டிய உயரம், ஒல்லியான உடம்பு. கோடையிலும் டை கட்டுவார். அந்த உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. காகிதத்தில் ஸ்டேப்ளர் பின் கோணலாக விழுந்திருந்தால் போதும், கீழே தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆறு வருடம் அவரிடம் வேலை பார்த்தேன். அதில் முதல் மூன்று மாதம், அந்தக் குதிரை வந்த நாள்வரைக்கும், எனக்குத் தினமும் காலையில் அலுவலகப் படியேறவே பயம்.

இவ்வளவு பெரிய மனிதருக்கு ஒரே ஒரு பயம் உண்டு, பிராணிகள். துபாய் கழிமுகத்தின் அக்கரைக்குப் போக ஆப்ரா படகில் ஒருமுறை ஏறி உட்கார்ந்தவர், பலகைக்குக் கீழே ஒரு பூனை படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு இறங்கி, டாக்ஸி பிடித்துப் பாலம் சுற்றிப் போனார். அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். சிரிக்கத்தான் யாருக்கும் தைரியமில்லை.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், அல் அய்ன் பக்கம் பேரீச்சந்தோட்டம் வைத்திருந்த வயதான எமிராத்தியர், இங்கிலாந்துக்குப் போன இடத்தில் ஏதோ கண்காட்சியில் ஒரு குதிரை வண்டியைப் பார்த்திருக்கிறார். வண்டியைவிடக் குதிரை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. பேரப்பிள்ளைகளை ஏற்றி ஓட்ட அதேபோல ஒன்று வேண்டுமென்று ஒரு பெண் குதிரையை விலை பேசிவிட்டுத் திரும்பினார். அதைக் கொண்டுவரும் காகித வேலை எங்களுடையது. அனுமதிப் படிவத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன: பந்தயக் குதிரை, அரபுக் குதிரை, குட்டைக் குதிரை, மற்றவை. 'மற்றவை' என்று குறித்தால் அரபியில் தனியாக ஒரு விளக்கக் கடிதம் இணைக்க வேண்டும். இது பந்தயத்துக்குப் போகாது, அரபுக் குதிரையும் இல்லை. குழந்தைகளை ஏற்றுகிற குதிரை என்றால் எனக்கு எங்கள் ஊர்ப் பொருட்காட்சியில் ரவுண்டு வரும் மட்டக் குதிரைதான் தெரியும். தொலைநகலில் வந்த படத்திலும் குதிரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றான், அளவு சரியாகத்தான் தெரிந்தது. அந்த ஆள் ஆறேகால் அடி என்பதை யாரும் படத்துக்குக் கீழே எழுதவில்லை. குட்டைக் குதிரை என்ற கட்டத்தில் குறியிட்டு நீட்டினேன். ஏதோ போனில் கத்திக்கொண்டிருந்த காக்கா படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சரக்குப் பகுதி அதிகாரி காகிதத்தை வாங்கிப் படித்தார். குதிரையை ஒரு சுற்று சுற்றி வந்தார். சுற்றி முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் பேசியது உருது கலந்த ஆங்கிலம்.

"இது குட்டைக் குதிரையா?"

காக்கா குதிரையை அண்ணாந்து பார்த்தார். "பெர்மிட் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு சார்," என்றார். "அதுக்கப்புறம் வளந்திருக்கும்."

அதிகாரி சிரிக்கவில்லை. காகிதம் ஒன்று, மிருகம் இன்னொன்று என்றால் உள்ளே விட முடியாது. அன்று புதன்கிழமை, அடுத்த இரண்டு நாளும் அரசு விடுமுறை. அமைச்சக அலுவலகம் இரண்டு மணிக்கு மூடும். அதற்குள் திருத்திய அனுமதி கையில் வரவில்லையென்றால் அதே விமானத்தில் சாயங்காலம் குதிரை திரும்பிப் போகும் என்று சொல்லிவிட்டார். அப்படி நடந்தால் வாடிக்கையாளர் போவார், என் வேலையும் போகும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "காக்கா, தப்பு என்னோடதுதான், நான் வேணும்னா அவர்கிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"கையெழுத்து யாரோடது?" என்றார் காக்கா. எப்போதும் கேட்கும் குரலில் பாதிகூட இல்லை. "என்னோடதுதானே? நீ போயி வேற ஃபாரம் எழுது. ஓடு தங்கச்சி."

நான் கிளம்பும்போதுதான் அடுத்தது நடந்தது. குதிரையோடு விமானத்தில் வந்த, படத்தில் நின்ற அதே ஆறேகால் அடி வெள்ளைக்காரருக்குப் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த வேண்டியிருந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். டை கட்டியிருந்தவர் காக்கா ஒருவர்தான், பொறுப்பான ஆளாகத் தெரிந்திருப்பார் போல. "ஐந்து நிமிஷம்," என்று சொல்லித் தலைக்கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். காக்கா கயிற்றைப் பிடித்தபடி, சாமான் ஏற்றும் வண்டியில் மாட்டிக்கொண்ட மனிதரைப்போல விறைத்து நின்றார். விட்டுவிட்டால் குதிரை ஓடிவிடும், பிடித்திருந்தால் மிதித்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது முகத்திலேயே தெரிந்தது. திரும்பிப் பார்த்தபடியே நான் ஓடினேன்.

அமைச்சகத்தில் புதுப் படிவம் வாங்கி, 'மற்றவை' என்று குறித்து, பக்கத்துத் தட்டச்சுக் கடையில் அரபிக் கடிதம் அடித்து முடித்தபோது பதினொன்றரை ஆகிவிட்டது. காக்காவின் கையெழுத்து வேண்டும். அவர் மொபைலுக்கு நாலு முறை அடித்தேன். எடுக்கவில்லை. டாக்ஸி பிடித்துத் திரும்பப் போனேன்.

கொட்டகை நிழலில் நான் பார்த்ததை எப்படிச் சொல்வதென்று இன்றைக்கும் தெரியவில்லை. வெள்ளைக்காரர் திரும்பி வந்திருக்கவில்லை. குதிரை தன் தலையைக் கொண்டுவந்து காக்காவின் வலது தோள்மேல் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. தலை என்றால் அவருடைய இடுப்புவரைக்கும் நீண்ட தலை. கீழ் உதடு தொங்கி, எச்சில் டைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் அவருடைய சட்டைப்பை உப்பி அடங்கியது. காய்ந்த புல்லும் வெதுவெதுப்பும் கலந்த ஒரு வாசம், வெயிலில் காயவைத்த துணியை முகத்தில் அழுத்திக்கொண்டால் வருமே, கிட்டத்தட்ட அதுபோல. ஒரு டன் எடையுள்ள உயிர், வேண்டுமென்றால் அந்தக் கொட்டகையையே பெயர்த்துக்கொண்டு போகலாம். அது தன் பின்னங்கால் ஒன்றை மடக்கி, நுனிக்குளம்பை மட்டும் தரையில் ஊன்றி, சின்ன அசைவு வந்தாலும் முன்குளம்புகள் அவர் பாதத்தைத் தொடாதபடி நின்றிருந்தது. அதன் இமைமுடிகளின் நீளத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையே வந்தது.

"காக்கா..."

"சத்தம் போடாத," என்றார் உதடு அசையாமல். "இப்பத்தான் கண்ணசந்திருக்கு. பிளேன்ல தூங்கல போல. பாவம்."

"போன் அடிச்சேனே காக்கா?"

"போன் அது தாடைக்குக் கீழ ஈக்கிது. எப்புடி எடுக்க?"

வலது கையை அசைத்தால் அது விழித்துவிடும் என்று இடது கையால் கையெழுத்துப் போட்டார். படிவத்தை நான் பிடித்துக்கொண்டேன். எழுத்து, கீரிப்பிள்ளை ஓடிய தடம் மாதிரி வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஓடினேன்.

மணி ஒன்றே கால். கவுண்டரில் இருந்த எமிராத்திப் பெண் பழைய கையெழுத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வேறு யாரோ போட்டது, முடியாது என்றாள். நான் விளக்கினேன். என் மேனேஜரின் வலது தோளில் ஒரு குதிரை தூங்குகிறது, அதனால் இடது கையில் போட்டார் என்றேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள். உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்து, "இன்னொரு தடவை சொல்லு," என்றாள். மறுபடியும் சொன்னேன். அவர்களில் ஒருவர் போனை எடுத்து விமான நிலையத்து அதிகாரியிடமே கேட்டார். மறுமுனையிலிருந்து வந்த பதில் எனக்குக் கேட்கவில்லை. கேட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்போதும் தூங்குகிறதாம். அங்கே எல்லோரையும் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொல்லியிருக்கிறாராம் உன் மேனேஜர்," என்றார். முத்திரை விழுந்தது.

மூன்று மணி சுமாருக்கு வெள்ளைக்காரர், முத்திரை வரிசையில் மாட்டிக்கொண்டதாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்து சேர்ந்தார். நாங்கள் சொல்லி வைத்திருந்த குதிரை ட்ரைலருக்குள் அந்தப் பெண் குதிரையின் முன்பாதிகூடப் போகாது. மாடு ஏற்றும் பெரிய லாரி ஒன்றைப் பிடித்தோம். அதன் டிரைவர், பாகிஸ்தானிலிருந்து வந்த பட்டாணி, அவளைப் பார்த்துவிட்டு, "ஏ தோ ஹாத்தி ஹை பாய், கோடா நஹீ," என்று காதைத் தொட்டுக்கொண்டான். இது குதிரையே இல்லை, யானை என்று முடிவு செய்துவிட்டான். அவளோ சாய்பலகை வரைக்கும் வந்து நின்றுவிட்டாள். வெள்ளைக்காரர் இழுத்தார், கொஞ்சினார், ஆப்பிள் காட்டினார். அவள் கழுத்தைத் திருப்பிக் காக்காவையே பார்த்தாள். தோளைத் தடவிக்கொண்டிருந்த காக்கா எங்கள் எல்லோரையும் பார்த்தார். பிறகு, பூனைக்காகப் படகைவிட்டு இறங்கிய மனிதர், டையை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, "யல்லா... வா தாயி," என்று தானே முன்னால் ஏறினார். அவள் பின்னாலேயே ஏறினாள். அல் அய்ன் போகிறவரை ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் லாரியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தாராம். அந்த டிரைவர் அதை எங்களிடம் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை அலுவலகத்துக்குத் திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். திட்டு விழுந்தது, ஸ்டேப்ளர் பின்னுக்கு. குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து கையெழுத்துக்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார் என்பது மட்டும்தான் எங்களுக்குக் கிடைத்த தண்டனை. என் காலைப் பயமும் அன்றோடு நின்றுபோனது. எச்சில் வழிந்த டையோடு செருப்பைக் கழற்றச் சொன்ன ஒருவரிடம் அதற்கப்புறம் எப்படிப் பயப்படுவது?

வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்ததும் அவருடைய கார் அல் அய்ன் பக்கம் போவது கொஞ்ச நாளில் தெரியவந்தது. கேட்டால், "பேப்பர் வேலை பாக்கி ஈக்கிது," என்பார். ஒருமுறை பின் இருக்கையில் கேரட் மூட்டையைப் பார்த்தேன். தோட்ட முதலாளி குதிரைக்கு மின்விசிறியும் ஏசியும் வைத்த கொட்டகை கட்டிக் கொடுத்திருந்தார். அரபுக் குதிரைகள் வைத்திருந்த அக்கம்பக்கத்துக்காரர்கள் முதலில் கேலி பேசினார்களாம். அதன்பிறகு ஒருநாள் தோட்ட முதலாளியின் மூன்று வயதுப் பேத்தி கொட்டகைக்குள் நழுவிப் போய், குதிரையின் முன்னங்கால் முடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ஆட்கள் பதறி ஓடி வந்து குழந்தையை எடுக்கும்வரை அவள் ஈயைக்கூட விரட்டவில்லை, வால் அசையவில்லை, மூச்சைக்கூடக் குறைத்துக்கொண்டதுபோல நின்றாளாம். கேலி அன்றோடு கலாஸ். இதை எனக்குச் சொன்னபோது காக்காவின் குரலில் இருந்த பெருமை, தன் மகள் டாக்டர் படிப்பை முடித்ததைச் சொன்னபோதுகூட இருந்ததில்லை. பூனைக்கு மட்டும் அவர் கடைசிவரை பயந்தார்.

அவர் விசாவை ரத்து செய்துவிட்டு ஊருக்குப் போகும் காலம் வந்தது. கடைசி வெள்ளிக்கிழமை என்னையும் என் கணவரையும் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அவள் வேலி ஓரம் வந்து நின்றாள். காக்கா அவள் நெற்றியைத் தடவினார், கழுத்தில் ஒட்டியிருந்த துரும்பை எடுத்துப் போட்டார். பிறகு, "லீவுக்குத்தான் போறேன். ரெண்டு மாசம். வந்துருவேன்," என்றார்.

காரில் வரும்போது, "ஏன் காக்கா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"முப்பது வருசமா புள்ளையல்ட்ட அப்புடித்தான் சொல்லிட்டு வந்தீக்கேன்," என்றார். "வேற மாதிரி சொல்லத் தெரியல."

இரண்டு மாதமும் ஒரு வாரமும் கழித்து, விசிட் விசாவில் வந்து இறங்கினார். அலுவலகமே அதிர்ந்துபோனது. வீட்டில், செட்டில்மென்ட் காகிதம் ஒன்று பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அப்படி ஒன்றும் பாக்கி இல்லை என்று எனக்குத் தெரியும், நானே தட்டச்சு செய்து முடித்தவை அவை. "எதுக்குக் காக்கா இவ்வளவு தூரம்?" என்றேன். "சொல்லீந்தேன்ல?" என்றார், நான்தான் புரியாமல் கேட்கிறேன் என்பதுபோல. பத்து நாள் இருந்தார். ஒன்பது நாள் தோட்டத்தில்.

நான் திருச்சிக்கே திரும்பிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வெளிநாடு கிளம்புகிற ஆட்கள் பிள்ளைகளிடம் சொல்லும் வார்த்தைகளை எங்கே கேட்டாலும் அவர் ஞாபகம் வருகிறது. அந்தப் பத்தாம் நாள் அவரை விமான நிலையத்தில் இறக்கிவிடும்போது கேட்டேன், "இந்தத் தடவை அதுகிட்ட என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன். இனிமே வரமாட்டேன்னு."

"என்ன பண்ணுச்சு?"

காக்கா பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, டையைச் சரி செய்துகொண்டார்.

"கேரட்டைத் தின்னுச்சு," என்றார்.