சர்வர் அறைக்கு ஒரு ஜன்னல்

கண்டியில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று, சர்வர் அறையில் திறந்தே கிடக்கும் ஜன்னல். மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் என்பதால் ஓய்வுக்குப் பிறகு மதுரையை விட்டு கண்டியை ஒட்டிய அம்பிட்டியவுக்குக் குடிவந்தேன். மதுரையில் ஓர் அரசு அலுவலகத்தின் டேட்டாபேஸைக் கட்டி மேய்த்தவன் என்று தெரிந்ததும், மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார், சும்மா வந்து பார்க்கும்படி கூப்பிட்டார். அவருடைய எல்லாக் கிளைகளின் இருப்பும் விற்பனையும் ஒரே சர்வரில்தான். ஏசி அணைந்திருந்தது. ஜன்னல் வழியே வந்த மூடுபனி இயந்திரத்தின் மேல் ஈரமாக உட்கார்ந்திருந்தது.

“இது என்ன மதுரையா சேர்? குளிர் அல்லாஹ் தந்தது. அதுக்கும் கரண்ட் பில்லா?”

குளிர் வேறு, ஈரம் வேறு என்று விளக்கினேன். நன்றாகத் தலையாட்டினார். மறுநாள் ஜன்னலுக்குத் திரைச்சீலை வந்திருந்தது.

சர்வரைப் பார்த்துக்கொள்ள இருக்கும் ஒரே ஆள் தெல்தோட்டை சிவநேசன். மனைவிக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது. மூத்தவன் பிறந்தபோது அவர் இந்த அறையில் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தாராம்.

“இந்தத் தடவையாவது கிட்ட இருக்கணும் சார். லீவு கேட்டா, மிஷினு நல்லாத்தானே ஓடுது, ஒனக்கு என்ன அலுப்புங்கிறாரு. நின்னு போனா, ஒன்ன எதுக்கு வச்சிருக்கேங்கிறாரு.”

மதுரையிலும் இதே கதைதான். யுபிஎஸ்ஸுக்குப் புது பாட்டரி கேட்டுக் கோப்பு அனுப்பினால், ஒப்புதல் வருவதற்குள் பழையது செத்துவிடும். ஆனாலும் மாற்றாள் இல்லாமல் சர்வர் இருக்கக்கூடாது என்று ஒரு விதியாவது இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஹாஜியாரிடம் போனேன். சர்வர் வாங்குவது ஒருநாள் செலவு. உரிமம் புதுப்பிப்பது, குளிரூட்டுவது, பேக்கப்பைச் சோதிப்பது எல்லாம் அது இருக்கும்வரை தொடரும், அதற்கு இரண்டு பேர் வேண்டும் என்றேன்.

“மிஷினப் பாக்க ஒராள். அந்த ஆள் லீவு போனா இன்னொராளா? இது பிஸ்னஸா, கல்யாண ஊடா?” சிரித்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். “அதுக்குத்தான் நீங்க ஈக்கிறீங்களே சேர்.”

முறைப்படி வாதாடி வென்றால் கிடைப்பது இதுதான்: மாற்றாள் நானே. சிவநேசன் அன்றே தெல்தோட்டை பஸ் ஏறினார்.

இன்று காலை அவர் போன் செய்தார். “பொம்பளப் புள்ள சார். நான் பக்கத்துலயே இருந்தேன்.”

ஜன்னலைச் சாத்தி, ஏசியைப் போட்டு, ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன். மதுரையிலும் இதே குளிர், இதே இரைச்சல், இதே ஸ்வெட்டர். அங்கே வெளியே வந்ததும் வெயில் அடிக்கும், வாசலிலேயே கழற்றிவிடுவேன். இங்கே வெளியிலும் குளிர்தான். இருந்தும் வாசலுக்கு வந்ததும் கை தானாக மேல் பொத்தானுக்குப் போகிறது. கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறது.