துத்தநாகம் எங்கே என்று கேட்ட எஸ்தர் மேடம்

செய்தி வந்தபோது நான் மரக்காணத்தில் ஒரு மெக்கானிக் கடையில் பைக்குக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கிரீஸ். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். எஸ்தர் மேடத்தின் தம்பிதான் பேசினார்.

"அக்கா காலைல தவறிட்டாங்க தம்பி. தூக்கத்துலயே. நாளைக்கு கிளியனூர்ல அடக்கம். உங்க ஊரு ஆளுங்க எல்லாருக்கும் சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன். கடையிலிருந்து எங்கள் குப்பத்துக்குப் பத்து நிமிட வழி. அன்றைக்கு அது முடியவே இல்லை. யாரிடம், எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும்படி தம்பி கேட்டார். நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். ஒரு இடத்தில் ஒழுங்காக உட்காராதவன். வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். "அக்காகூட மரக்காணத்துல வேலை பார்த்தவங்கள்ல எனக்கு உங்களைத்தான் தெரியும்" என்றார். சரி என்றேன்.

மேடத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் நிலவியல் படித்தவர். பூமிக்குள் துளை போட்டு எடுக்கும் கல்லைப் பார்த்து, கீழே என்ன இருக்கிறது என்று சொல்வது அவர் வேலை. மேற்கே மலைப்பக்கத்தில் ஈயமும் துத்தநாகமும் வெள்ளியும் சேர்ந்த தாது இருக்கிறதா என்று ஒரு கம்பெனி தேடிக்கொண்டிருந்தது. துளை போடும் காண்டிராக்டர், கல்லை வைக்க வாடகை குறைந்த இடம் தேடி, எங்கள் ஊரில் காலியாகக் கிடந்த உப்புக் கிடங்கைப் பிடித்தார். சுனாமி வந்த மறு வருஷம் அது. உப்பு கரைந்து போயிருந்தது, படகுகள் உடைந்து போயிருந்தன. குப்பத்து ஆண்களும் உப்பளத்துப் பெண்களுமாகப் பதினைந்து பேருக்கு அந்தக் கிடங்கில் வேலை கிடைத்தது. லாரியில் வரும் கல் உருளைகளை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்போம். ஒரு பாதி பெட்டியிலேயே இருக்கும். மறு பாதியை இரும்பு உரலில் போட்டு இடித்துப் பொடியாக்கிப் பரிசோதனைக்கு அனுப்புவோம்.

முதல் லாரி வந்த அன்று மேடம் ஒரு சாம்பல் நிறக் கல்லை எடுத்து, எங்களோடு வேலை பார்த்த லட்சுமி அக்காவின் கையில் வைத்தார். கை சட்டென்று கீழே இறங்கியது.

"யம்மா! இன்னா மேடம், கல்லா இது, இரும்பா?"

"ஈயக்கல்லுங்க. உடைச்சா சின்னச் சின்ன கட்டமா உடையும், பாருங்க. இதுக்குள்ள வெள்ளியும் இருக்குது."

"எங்க? கண்ணுக்குத் தெரியலியே?"

"கண்ணுக்குத் தெரிஞ்சா எனக்கு யாரு சம்பளம் குடுப்பா?"

அடுத்ததாகத் தேன் நிறத்தில் இன்னொரு கல்லை எடுத்துக் கத்தியால் சுரண்டினார். அழுகின முட்டை நாற்றம். "ச்சீ, எவன்டா அது?" என்று லட்சுமி அக்கா எங்கள் பக்கம் திரும்பி முறைத்தார். "அவங்கள திட்டாதீங்க. இவர்தான் துத்தநாகம்" என்று மேடம் கல்லைக் காட்டினார். அந்த வாரம் முழுக்கக் கிடங்கில் யார் அருகில் யார் உட்கார்ந்தாலும் "துத்தநாகம் வர்றாருடா" என்பதுதான் கிண்டல்.

இந்தத் தாது எப்படி உண்டானது என்று ஒருநாள் உப்பளத்துப் பெண்கள் கேட்டார்கள். பல கோடி வருஷத்துக்கு முன்னால் பூமிக்குள் கொதித்த உப்புத் தண்ணீர், பாறைகளில் இருந்த ஈயத்தையும் துத்தநாகத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டு மேலே வந்தது. ஆறின இடத்தில், கந்தகத்தைச் சந்தித்த இடத்தில், எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போனது என்றார். "உங்க உப்புப் பாத்தி மாதிரிதான். தண்ணி முதல்ல சுண்ணாம்பை விடுது, அப்புறம்தான் உப்பை விடுது, கடைசியில கசப்புத் தண்ணி நிக்குது, இல்லீங்களா? அங்கயும் ஒவ்வொண்ணும் அதது இடத்துலதான் இறங்கும். ஆனா ஈயமும் துத்தநாகமும் பெரும்பாலும் ஒண்ணாத்தான் திரியும். அந்த மலைல ஒண்ணை விட்டு ஒண்ணை நான் இதுவரைக்கும் பார்க்கல." பின்னால் வந்த எல்லாமே இந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

என் அப்பா ஆறுமுகம் மீன் பிடிக்கிறவர். சுனாமியில் குப்பத்து வலைகள் மொத்தமும் போய்விட்டன. வலை தண்ணீரில் இறங்க வேண்டுமானால் ஈயக்குண்டு வேண்டும். பழைய பேட்டரியிலிருந்து ஈயத்தை எடுத்துக் காய்ச்சி ஊற்றுவார்கள். காய்ச்சுவதற்குக் கனமான பாத்திரம் இல்லை. கிடங்கில் ஒரு பழைய உரல் சும்மா கிடந்தது.

"மேடம், அந்த உரலை ரெண்டு நாளைக்குக் குடுக்கிறீங்களா? ஊரு வலைக்கு ஈயம் காச்சணும்."

"எடுத்துட்டுப் போங்கண்ணே. நீங்களே வச்சிக்கங்க, திருப்பித் தர வேணாம்."

இங்கேதான் எங்கள் புத்தி வேலை செய்தது. எங்கள் குப்பத்தில் இரவல் வாங்கின பாத்திரத்தை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதிலும் சுனாமி நிவாரணச் சாமான் வந்த நாள் முதல் 'குப்பத்துக்காரங்க கைல கிடைச்சதை விடமாட்டாங்க' என்று ஊருக்குள் ஒரு பேச்சு. அப்பாவுக்கு அது பொறுக்காது. ஊர் வலை முழுவதற்கும் ஈயம் காய்ச்சி முடித்ததும், மணலும் தேங்காய் நாரும் போட்டு உரலைப் பளபளவென்று தேய்த்து, எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார். மேடம் அப்போது துளை போடும் இடத்துக்குப் போயிருந்தார். அந்த வாரமே எங்கள் வேலை உரல் விரிசல் விட்டது. பக்கத்தில் சுத்தமாக இருந்த உரலை இழுத்துப் போட்டு இடித்தோம். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பரிசோதனை முடிவு வந்தது. புதிய துளையில் ஈயம் நிறைய. மேடம் மைசூர்பாக்கு வாங்கி வந்தார். "இன்னும் ஒரு வருஷத்துக்கு வேலை இருக்குது, எங்கயும் போயிடாதீங்க" என்றார். வெளியூர்த் துறைமுகத்துக்குக் கூலிக்குப் போக இருந்தவர்கள் பையைப் பிரித்துத் துணியை மறுபடியும் கொடியில் போட்டார்கள். காண்டிராக்டர் துளை போடும் மெஷினை அந்தத் துளைப் பக்கம் நகர்த்த ஏற்பாடு செய்தார்.

நாலைந்து நாள் கழித்து, மத்தியானச் சோற்றைக்கூடப் பிரிக்காமல் மேடம் அந்த முடிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய் சேகர், துத்தநாகம் எங்கடா?"

"இன்னா மேடம்?" என்றேன் நான்.

"ஈயம் மட்டும் தனியா வந்து நிக்குது. துத்தநாகம் இல்ல. வெள்ளியும் இல்ல. எப்படி?"

பெட்டியில் இருந்த பாதிக் கல்லையெல்லாம் வெளியே எடுத்து வெயிலில் வைத்து லென்ஸால் பார்த்தார். வெறும் பாறை. பிறகு எழுந்து உரலுக்கு வந்தார். அடியில் இருந்த ஒரு பள்ளத்தில் ஆணியால் கீறினார். மெத்தென்று சாம்பல் நிறத்தில் கொஞ்சம் சுருண்டு வந்தது. அதைக் காகிதத்தில் தேய்த்தபோது பென்சில் போலக் கோடு விழுந்தது. வலைக்குக் காய்ச்சின ஈயம்தான் நாங்கள் இடித்த பொடியில் கலந்து போயிருந்தது.

"ஆறுமுகம் அண்ணன் திருப்பி வச்சிட்டாரா?"

"ஆமா மேடம். அப்பவே."

"எவ்ளோ அழகா கழுவியிருக்காரு பாரு" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பதினைந்து பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டோம். அப்பாவும் வந்தார்.

"மேடம், மெஷின் போயி தோண்டட்டும்" என்றார் அப்பா. "இல்லன்னா இல்லன்னு அதுவே சொல்லிட்டுப் போவுது. அதுக்குள்ள எங்களுக்கு ஆறு மாசம் ஓடிடும்."

"அங்க ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சிண்ணே. தெரிஞ்சிகிட்டே எப்படித் தோண்டச் சொல்றது?"

"நீங்க சொல்லாதீங்க. சும்மா இருங்க. அது போதும்."

மேடம் எங்கள் எதிரிலேயே காண்டிராக்டருக்குப் போன் போட்டார். அவர் பேசியது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "தப்பு என்னுதுங்க. கல்லைப் பார்த்தப்ப ஈயம் இல்லன்னுதான் என் கண்ணு சொல்லிச்சு. பேப்பர்ல இருக்குதுன்னு வந்ததும் கண்ணை விட்டுட்டுப் பேப்பரை நம்பிட்டேன். ஆமாங்க. நான் மட்டும்தான்."

உரலைப் பற்றி அவர் விளக்கினார். யார் எடுத்தார்கள், யார் வைத்தார்கள் என்று சொல்லவில்லை.

கிடங்கை மூடினார்கள். அவரையும் அனுப்பிவிட்டார்கள். டீக்கடையில் எங்கள் ஆட்கள் பேசிய பேச்சை இங்கே எழுதக் கூசுகிறது. "அந்தம்மா நம்ம சோத்துல மண்ணைப் போட்டுடுச்சு" என்பதுதான் அதில் மரியாதையான வார்த்தை. ஈயம் காய்ச்சியது யார், எந்த வலைக்காக, எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் பேசினார்கள். பேசாதவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் குடித்தேன்.

ஊரை விட்டுப் போகும் முன் மேடம் குப்பத்துக்கு வந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொல்லிக்கொண்டார். லட்சுமி அக்கா மட்டும் தண்ணீர் கொடுத்தார். அப்பா வலை பிரித்துக்கொண்டிருந்தார். "வரேண்ணே" என்றார் மேடம். அப்பா வலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. மேடம் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெயிலில் ரோடு வரைக்கும் நடந்து போனார். ஒருவரும் கூடப் போகவில்லை.

பிறகு கிளியனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக வேலை பார்த்தார். ஒரு முறை பஸ்ஸில் பார்த்தேன். நான் முகத்தைத் திருப்புவதற்குள் அவரே கூப்பிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தார். "அப்பா கடலுக்குப் போறாரா? வலை நல்லா இறங்குதா?" என்று கேட்டார். "இறங்குது மேடம்" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். இறங்கும் வரைக்கும் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடக்கத்துக்கு எல்லோரிடமும் சொன்னேன். ஆளுக்கொரு வேலை இருந்தது. லட்சுமி அக்காவுக்குக் காய்ச்சல். கிளம்பும்போது அப்பா மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அப்பா வேலியோரத்தில் ஒதுங்கி நின்றார். மேடத்தின் தம்பி கவனித்துவிட்டு அருகே வந்தார்.

"வாங்க, மண்ணு போடுங்க. நீங்க…?"

"மரக்காணம்ங்க. உரல்ல ஈயம் காச்சுனவன்."

தம்பிக்குப் புரியவில்லை. "எந்த உரல்ங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். "உங்க அக்கா சொல்லலீங்களா?" என்று நான் கேட்டேன்.

"ஒரு கல்லைத் தப்பாப் பார்த்துட்டேன், அதனால வேலை போச்சு, பாவம் நிறைய பேருக்கு என்னால கஷ்டம்னு சொல்வாங்க. வேற யாரையும் ஒண்ணும் சொன்னதில்லையே."

அப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது. கடலில் கத்திப் பழகின குரல். ஃபாதர், உறவுக்காரர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் கேட்கும்படி சொன்னார். உரலை வாங்கினது, திருப்பி வைக்க வேண்டாம் என்று அவர் சொல்லியும் வீறாப்பாகத் திருப்பி வைத்தது, சும்மா இருங்கள் என்று அவரையே கேட்டது, அவர் வாசலில் வந்து நின்றபோது தலையைத் தூக்காமல் இருந்தது. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும், "இப்ப போடலாமா, வேணாமான்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

தம்பி அப்பாவையே பார்த்தார். அவர் முகத்தில் கோபமும் இருந்தது. அது நியாயம்தான். கடைசியில் குனிந்து, தானே ஒரு பிடி மண் எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார்.

எஸ்தர் மேடம், எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேர்தான் வந்தோம். மீதிப் பேருக்கும் சேர்த்துத் தலை குனிகிறேன். இந்த மலர் அச்சாகி வந்ததும் குப்பத்து டீக்கடையில் நின்று உரக்கப் படிப்பேன். எழுந்து போகிறவர்கள் போகட்டும். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.