என் கையில் மட்டும் இரைந்த டபுள் பேஸ்

வரதராஜன்பேட்டையில் எங்கள் கோயில் பாடகர் குழுவுக்கு டபுள் பேஸ் என்ற ஆளுயரப் பெரிய வயலின் போன்ற வாத்தியம் ஒன்று உண்டு. நானும் மச்சினனும் மாறி மாறி வாசிப்போம். ஒரு தவக்காலத்தில், நான் மீட்டினால் மட்டும் கம்பியின் ஒலியோடு ஓர் இரைச்சலும் வந்தது. புதுக் கம்பி போட்டேன். கம்பியைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் அட்டை வைத்து உயர்த்தினேன். உயர்ந்த கம்பியை அழுத்தி அழுத்தி விரல் கொப்பளித்ததுதான் மிச்சம். மச்சினன் வாசித்தால் சுத்தமாகக் கேட்டது.

"நீதான் எதையோ திருகி வச்சிட்டுப் போற" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அதன்பிறகு அவன் ஒத்திகைக்கு வரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய ஒத்திகையில், குழுவில் பாடும் என் மனைவி பாட்டை நிறுத்தினாள்.

"ஏங்க, உங்க சங்கிலியில தொங்குற மாதா சுரூபந்தான் மரத்துல அடிக்குது."

சங்கிலியை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு மீட்டினேன். இரைச்சல் இல்லை.

அப்போதே மச்சினன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை.

"அப்ப அந்த அட்டைய எடுத்துரலாமா மாமா?" என்று கேட்டு விரல்களை நீட்டிக் காட்டினான். நான் உயர்த்தி வைத்த கம்பியில் வாசித்து அவன் விரல்களும் கொப்பளித்துக் காய்ந்திருந்தன. அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போதெல்லாம் எங்கே என்ன இரைந்தாலும் முதலில் என் கழுத்தைத்தான் தடவிப் பார்க்கிறேன்.