சாவிக்கொத்து கேட்டு ஓடியவள்

“மூணு பேர் உக்காந்து சாப்பிடுற எடத்துல நாலாவதா ஒரு ஆளு உக்கார ஏன் தம்பி எடம் இருக்க மாட்டேங்குது?”

ஆனையூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருக்கும் தமிழ்வாணி அக்கா போன சித்திரையில் என்னிடம் இப்படிக் கேட்டது. பிறகு அக்கா சொல்லச் சொல்லக் கேட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே தெரியும்.

தமிழ்வாணிக்குச் சொந்த ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். திருப்பூருக்கு வேலைக்குப் போன புருசன் மெல்ல மெல்ல போன் எடுப்பதையே விட்டுவிட்டான். ஊரில் ஆளுக்கொரு விதமாக விசாரிக்க ஆரம்பித்தார்கள். பதில் சொல்லி மாளாமல் ஒரு பையோடு ஆனையூருக்கு வந்து, பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். மாடியில் கடைசி வரிசையில் அவளுக்கு ஒரு மெஷின் கிடைத்தது.

அந்த வரிசையில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவள் ஆனிமேரி. கை தைத்தாலும் கண் நாலு பக்கமும் இருக்கும். மலையம்மாள் மேலூரிலிருந்து பஸ்ஸில் வருபவள், வாய்த் துடுக்கு. காலர் தைக்கும் ஜெஸி மூவரில் இளையவள், ஒரு பெண் குழந்தைக்குத் தாய். மத்தியானம் அயர்ன் மேசைக்குப் பின்னால் ஒரு துணியை விரித்து மூவரும் சாப்பிடுவார்கள். நடுவில் சுவரில் சாய்ந்தபடி ஜெஸி, இரண்டு பக்கமும் மற்ற இருவர். எந்த நாளும் அது மாறாது.

முதல் நாளே தமிழ்வாணி டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனாள்.

“அக்கா, நானும் இங்கிட்டு உக்காரட்டுமா?”

“அந்தா, ஃபேனுக்குக் கீழ காத்து நல்லா வரும்ல. அங்க உக்காரு புதுப்புள்ள,” என்றாள் ஆனிமேரி. குரலில் கோபமே இல்லை. அதுதான் தமிழ்வாணிக்கு வலித்தது.

சாதிதான் காரணம் என்று முதலில் நினைத்தாள். வளர்ந்த இடத்தில் அவள் அதைப் பார்த்தவள், அதனால் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் மலையம்மாளும் அவள் சாதிக்காரிதான். தூரத்துச் சொந்தம்கூட. அவளே முகம் கொடுக்கவில்லை என்றால் வேறு என்ன காரணம்? ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோய் நீட்டினாள்.

“கொட்டாம்பட்டியே மாடியேறி வந்த மாதிரில்ல மணக்குது,” என்றாள் மலையம்மாள். மூவரும் சிரித்தார்கள். தமிழ்வாணியும் சிரித்துக்கொண்டே டப்பாவை விரிப்பில் வைக்கக் குனிந்தாள். “வேணாம்த்தா, நீயே சாப்புடு. எலும்புந் தோலுமா இருக்க.” டப்பா அவள் கைக்கே திரும்பி வந்தது.

இன்னொன்றும் இருந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் ஆனிமேரி அந்த வரிசையின் கத்தரிக்கோல்களை எல்லாம் பொறுக்கித் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவாள், தமிழ்வாணியுடையதையும் சேர்த்து. தன்னைத் திருடி என்று நினைக்கிறார்களோ என்று தமிழ்வாணி பல ராத்திரி தூங்கவில்லை. காலையில் அறைக் கதவைப் பூட்டினால் மறுபடி வந்து திறக்கும்வரை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் கிடையாது. புதுப்புள்ள, புதுப்புள்ள என்றே மாதங்கள் போயின.

பள்ளி திறக்கப் போகும் நேரம். ராத்திரி எல்லாம் ஓவர்டைம். வெயிலும் விடவில்லை. ஒரு மத்தியானம் விரிப்பில் உட்கார்ந்திருந்த ஜெஸி சட்டென்று சரிந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. ஆனிமேரி அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். மலையம்மாள் எழுந்து நின்று ஒரு நீளத் துணியை விரித்துப் பிடித்து, மடிப்பவளைப் போலப் பாசாங்கு செய்தாள். தள்ளி இருந்தவர்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஃபேனுக்குக் கீழே இருந்த தமிழ்வாணி மட்டும் பார்த்துவிட்டாள்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்றுதான் அவள் ஊரில் சொல்வார்கள். கத்தரிக்கோல் தேடினாள். எல்லாம் பெட்டிக்குள் இருந்தன. இரும்பு வேறு எங்கே இருக்கிறது? சூப்பர்வைசர் ராஜபாண்டியின் இடுப்பில் பெரிய சாவிக்கொத்து தொங்கும். இதைச் செய்தால் இவர்கள் தன்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்றும் அந்த நொடியில் தோன்றியது. அவள் என்னிடம் இதை மறைக்கவில்லை. படியில் விழுந்தடித்து ஓடினாள்.

“அண்ணே, சாவிக்கொத்தக் குடுங்கண்ணே. ஜெஸியக்காவுக்கு வலிப்பு வந்துருச்சு.”

ராஜபாண்டியின் பக்கத்தில் முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

அவர்கள் மேலே வந்தபோது ஜெஸி எழுந்து உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தமிழ்வாணி நீட்டிய சாவிக்கொத்தைப் பார்த்தாள். பின்னால் நின்ற முதலாளியைப் பார்த்தாள். மெஷினில் விழுந்து ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று சொல்லி அன்று சாயங்காலமே ஜெஸியின் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

தெருவில் தமிழ்வாணி மலையம்மாளின் பின்னாலேயே ஓடினாள்.

“எனக்குத் தெரியாதுக்கா. நல்லதுன்னு நெனச்சுத்தான்...”

“இரும்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். செத்த நேரத்துல தானா எந்திரிச்சிருப்பா. எத்தன தடவ இப்படி மறைச்சிருக்கோம். முன்ன ஒருத்திக்கு இதே மாதிரி வந்து அன்னைக்கே வெளிய தள்ளுனாங்க. கண்ணால பாத்தவங்க நாங்க.” வலிப்பில் விழும்போது ஜெஸியைக் குத்திவிடக் கூடாது என்றுதான் கத்தரிக்கோல்கள் பூட்டப்பட்டன என்பது அப்போதுதான் தமிழ்வாணிக்கு உறைத்தது. “உன்னையச் சேத்தா உங்கிட்டச் சொல்லணும். சொன்னா நீ எவகிட்டச் சொல்லுவியோ, நாங்க என்னத்தக் கண்டோம்?”

“சொல்லியிருந்தா நான் சாவி கேட்டு ஓடியிருக்க மாட்டேனேக்கா.”

மேலூர் பஸ் வந்தது, மலையம்மாள் ஏறிப் போய்விட்டாள்.

சட்டைக்குப் பட்டன் கட்டும் வேலையைக் கம்பெனி வீட்டுக்கும் கொடுக்கும். ஆனால் அங்கே வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். தமிழ்வாணி தன் பெயரில் ஒரு கட்டுச் சட்டை வாங்கி ஜெஸியின் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஜெஸி கட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவை, “நூலு பத்தல,” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. இன்றுவரை அதற்கு மேல் வளரவில்லை.

விசயம் ஆனிமேரிக்கு எப்படியோ தெரிந்தது. ஒரு மத்தியானம் விரிப்பில் கொஞ்சம் நகர்ந்து, “வா,” என்றாள். காலியாக இருந்தது ஜெஸியின் இடம். சுவரில் அவள் தலை எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. அதில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள் தமிழ்வாணி.

ஆடி மாதம் ஜெஸியின் மெஷினுக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். முதல் நாளே டப்பாவோடு விரிப்புக்கு அருகில் வந்து நின்றாள்.

“அக்கா, இங்கன உக்காரட்டுமா?”

தமிழ்வாணியின் மடியில் பை இருந்தது. பைக்குள் ஜெஸி கட்டிக் கொடுத்த சட்டைகள். இது ராஜபாண்டியின் காதுக்குப் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அவள் கை தானாகப் பையை இழுத்து அணைத்துக்கொண்டது.

“அந்தா, ஃபேனுக்குக் கீழ காத்து நல்லா வரும். அங்க உக்காரு.”

மற்ற இருவரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா எங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டது. “அந்தப் புள்ள பேரு டயானா தம்பி. நான் இன்னும் பேரு சொல்லிக் கூப்புடல.”

நீங்கள் வேலை செய்யும் இடத்தில் யாராவது தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். விரிப்பில் உட்கார்ந்திருப்பவர்களிடமும் சொல்லுங்கள். கைமாறிக் கைமாறி அது அந்த ஃபேனுக்குக் கீழேயும் போய்ச் சேரட்டும்.