சாமிப்பெட்டிக்குள் போன பாண்டு

எங்கள் வீட்டில் ஒரு பொருளை யாராவது பத்திரமாக எடுத்து வைத்தால், அது தொலைந்தது என்று அர்த்தம். அப்பாவின் இன்சூரன்ஸ் பாண்டும் அப்படித்தான் போயிற்று.

எனக்கு அப்போது எட்டு வயது. பிளஸ் டூ முடித்திருந்த அக்காவுக்குத் தர்மபுரியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். நல்லவேளையாக, அப்பா வருடக்கணக்கில் கட்டிவந்த பாலிசி அந்தச் சமயத்தில்தான் முதிர்ந்தது. பாப்பாரப்பட்டியிலிருந்து பைக்கில் வந்த ஏஜெண்ட் காபியைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "ஒரிஜினல் பாண்ட எடுத்துக் குடுங்க, சீக்கிரமா வாங்கித் தந்துர்றேன். அது இல்லாட்டி ஸ்டாம்ப் பேப்பரு, கையெழுத்துன்னு மாசக்கணக்குல இழுத்துரும்ங்க."

அப்பா சிரித்த முகத்தோடு உள்ளே போனார். திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை.

அதன்பிறகு வீடு தலைகீழானது. பீரோ, பரண், ராகி மூட்டைகளின் சந்து எதுவும் மிச்சமில்லை. அப்பா முதலில் எலியைத் திட்டினார், அப்புறம் ஆட்டைத் திட்டினார், கடைசியில் வழக்கம்போல் அம்மாவிடம் வந்து நின்றார். அக்கா மட்டும் யாரையும் திட்டவில்லை. ஏற்கெனவே தேடிய டிரங்குப் பெட்டியையே மறுபடி மறுபடி தேடிக்கொண்டிருந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போயிருந்த அவளுடைய தோழி, இங்கே ஆள் எடுக்கிறார்கள், வருகிறாயா என்று போனில் கேட்டிருந்தாள். அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

அம்மாதான் கண்டுபிடித்தாள். நிலத்துப் பட்டாவின் மூலையில் மஞ்சள் கறை இருந்தது.

"ஏங்க, போன திருவிழாவுல பட்டா, பாண்டு எல்லாத்தையும் சாமி காலடியில வெச்சமில்ல? திரும்ப எடுக்கறப்ப பாண்ட எடுத்தமா?"

எடுக்கவில்லை. எங்கள் குலதெய்வத்துக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறைதான் திருவிழா. அது முடிந்ததும் அம்மனின் பட்டையும் நகையையும் ஒரு மரப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பட்டோடு பட்டாகப் பாண்டும் மடிந்து உள்ளே போயிருக்கிறது. அடுத்த திருவிழா வரை பெட்டியைத் திறக்கக் கூடாது. அது பங்காளிகளில் மூத்தவர் வீட்டில் இருக்கும். மூத்தவர் என்றால் என் பெரியப்பா. வரப்பில் நின்ற ஒரு புளியமரத்துக்காக அவரும் அப்பாவும் பேச்சை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"உங்கண்ணங்கிட்டயா கேக்கப் போறீங்க? சாமிகிட்டதான கேக்கறீங்க, போங்க" என்று அம்மா விரட்டினாள்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு போனார். எதற்கு என்று அங்கே போனதும்தான் தெரிந்தது.

"பாண்டு சாமிப்பெட்டியில இருக்குதுன்னு உங்க பெரியப்பாகிட்ட சொல்லு பாப்பா."

பெரியப்பா எதிரிலேயே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவரும் என்னையே பார்த்து, "நடுவுல பெட்டியத் தொறக்கற வழக்கமில்லைன்னு உங்கப்பனுக்குத் தெரியாதான்னு கேளு பாப்பா" என்றார். நான் நடுவில் நின்று ஒரு வார்த்தை பிசகாமல் இரண்டு பக்கமும் எடுத்துச் சொன்னேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்காவின் காலேஜ் விஷயத்தைச் சொன்னதும் பெரியப்பா நிமிர்ந்தார்.

"புள்ள படிப்புக்கா?" என்று என்னைத் தாண்டி நேராக அப்பாவிடம் கேட்டார்.

"ஆமா" என்றார் அப்பா.

பெரியப்பா கட்டிலை விட்டு எழுந்தார். "வெள்ளிக்கெழம பூ கட்டிப் பாக்கலாம். வெள்ளப் பூ வந்தா தொறக்கறேன். செவப்பு வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வெள்ளிக்கிழமை பங்காளிகள் எல்லோரும் கோயிலுக்கு வந்துவிட்டார்கள். பெரியப்பா வீட்டிலிருந்து சாமிப்பெட்டியும் வந்திருந்தது. வழக்கத்தை மீறினால் ஊருக்கு ஆகாது என்று இரண்டு பேர் வரும்போதே முணுமுணுத்தார்கள். பெரியப்பா கோயிலுக்குப் பின்னால் போய், தன் கையாலேயே இரண்டு இலைப் பொட்டலங்கள் கட்டிக்கொண்டு வந்து அம்மன் முன்னால் தட்டில் வைத்தார். ஒன்றில் நந்தியாவட்டை, மற்றதில் செவ்வரளி. சின்னப் பெண் ஒருத்திதான் எடுக்க வேண்டும் என்பது முறை. என்னைக் கூப்பிட்டார்கள்.

தப்பானதை எடுத்தால் அக்கா திருப்பூருக்குப் போய்விடுவாள். திரும்பிப் பார்த்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கையில் பட்டதை எடுத்து நீட்டினேன்.

பெரியப்பா பிரித்தார். வெள்ளை.

பெண்கள் குலவை போட்டார்கள். முணுமுணுத்த இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பெட்டியைத் திறந்தபோது, பட்டு மடிப்புக்குள் கற்பூர வாசனையோடு பாண்டு அப்படியே இருந்தது. அப்பா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அண்ணா..." என்றார்.

"ஒரு காயிதத்த ஒழுங்கா வெக்கத் தெரியாதாடா உனக்கு?" என்று பெரியப்பா சத்தம் போட்டார். அந்தத் திட்டை அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். தட்டில் இன்னொரு பொட்டலம் கிடந்தது. நான் தப்பித்த அந்தச் சிவப்புப் பூவைப் பார்க்கலாமே என்று எடுத்துப் பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டைதான் இருந்தது.

யாரோ தோளைத் தொட்டார்கள். பெரியப்பா. "நல்ல பூவு பாப்பா, சாமிக்கு வெச்சுரு" என்று மெதுவாகச் சொன்னார். நான் அம்மன் காலடியில் வைத்துவிட்டேன்.

எனக்கு அவரை நினைத்துக் கஷ்டமாகிவிட்டது. வெளியே தெரிந்தால் மறுபடியும் கட்டச் சொல்வார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அக்காவின் காதில் மட்டும் சொன்னேன். "ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூதான்க்கா. நீ நர்சு ஆனதும் மொதல்ல பெரியப்பாவுக்குக் கண்ணு பாரு. வெள்ள எது செவப்பு எதுன்னே அவருக்குத் தெரியல."

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். திரும்பி, கோயில் வாசலில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்த பெரியப்பாவை வெகுநேரம் பார்த்தாள். "கண்டிப்பா பாக்கறேன்" என்றாள். அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

கண் மங்குவது வயதானவர்களுக்கு வருவதுதானே, அதற்குப் போய் இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.