புள்ளி இல்லாத ஏரி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே அலுப்புதான். வாரம் முழுக்க அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் வேலை. ஷிப்ட் முடிந்தால் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கித் திருநின்றவூரில் இறங்குவேன். முகூர்த்த நாளாக இருந்தால் வீட்டில் முகம் கழுவிக்கொண்டு கேமராவோடு கல்யாண மண்டபத்துக்கு ஓட வேண்டும். தப்பித் தவறி மிச்சமாகும் ஞாயிற்றுக்கிழமையை எங்கள் போட்டோ சங்கம் பிடுங்கிக்கொள்ளும். யார் என்னை வா என்று அழைத்தார்கள், ஏன் போய்த் தொலைந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில்தான் கூடுவோம். சங்கத் தலைவருக்கு அந்தத் தொழிற்சாலையில் உத்தியோகம். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், வந்து எத்தனையோ வருஷமாகியும் பேச்சு மட்டும் ரயில் ஏறவில்லை. அவர் வீட்டுக் கூடத்தில் குறுக்கே ஒரு கொடி கட்டி, துணிக்குப் போடும் கிளிப்பால் படங்களை மாட்டுவோம். தலைப்பு எழுதக் கூடாது. படத்தின் சொந்தக்காரன், எல்லோரும் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இன்னொரு சட்டமும் உண்டு. யார் குறை சொல்கிறாரோ அவரே அதைச் சரிசெய்து தர வேண்டும். சும்மா நாலு நொட்டை சொல்லிவிட்டு டீயைக் குடித்துப் போகிற ஆசாமிகளை அடக்குவதற்காகத் தலைவர் கொண்டுவந்தது அது. நல்ல சட்டம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

சங்கத்தில் எனக்கு நெருக்கமானவன் ஒருவன் இருந்தான். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஸ்டுடியோ ஒன்றில் டச்சப் வேலை அவனுக்கு. மணப்பெண்ணின் பரு, மாப்பிள்ளையின் அம்மைத் தழும்பு, நெகட்டிவில் ஒட்டிய தூசு பிரிண்டில் வெள்ளைப் புள்ளியாய் விழுவது, எல்லாவற்றையும் மெல்லிய பிரஷ்ஷால் மை தொட்டு மறைத்துவிடுவான். பிரிண்டைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு பார்த்தாலும் எங்கே தொட்டான் என்று கண்டுபிடிக்க முடியாது. பிழைக்கத் தெரியாதவன். என் மேல் உயிரையே வைத்திருந்தான்.

அந்த வருஷம் சுற்றுச்சூழல் பற்றி ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று தலைவர் சொன்னார். பூமி சூடாகிக்கொண்டே போகிறது, கடல் மேலே ஏறப்போகிறது என்றெல்லாம் பேப்பரில் வரத் தொடங்கியிருந்த சமயம்.

"உலகம் சூடாவுதாமே மாமே? நம்ம ஆவடி எப்பவோ வெந்துகினு கீது" என்றான் டச்சப்காரன். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய அதிகாரி ஒருவர் வந்து திறந்துவைக்க ஒத்துக்கொண்டிருப்பதாகத் தலைவர் சொன்னபோதுதான் எனக்குத் தூக்கம் கலைந்தது. அக்காவின் ஞாபகம் வந்தது.

என் அக்கா வீடு ஏரிக்கரையில். எங்கள் அப்பா காலத்தில் அந்த ஏரிப் பாசனத்தில் கூலி வேலை செய்தோம். வயலெல்லாம் மனையாகிவிட்ட பிறகு நான் எஸ்டேட்டுக்குப் போனேன், மாமா ஏரி மீன் குத்தகையில் ஒரு பங்கு எடுத்தார். அவர்கள் சோறு அதில்தான். ஏரிக்கு மேற்கே பட்டறைகள் வந்தன. ஓடையில் வரும் தண்ணீர் ஒரு நாள் மஞ்சளாக வரும், ஒரு நாள் நுரையாக வரும். மீன் சாக ஆரம்பித்தது. அக்கா ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கினாள். ஓர் ஆபீஸில், "உலகமே சூடாவுதும்மா, வெயிலுக்கு மீன் சாகாதா?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். அடப்பாவிகளா!

"ஊர்ல கீற மாப்பிள்ளைங்கள எல்லாம் புடிக்கிறியே, இத்த ஒண்ணு புடிச்சிக் குடுடா" என்றாள் அக்கா. "நான் சொன்னா எவன் நம்புறான்? படத்தக் காட்டுனா வாய மூடிகினு பார்ப்பான் இல்ல?"

ஒரு நைட் ஷிப்ட் முடிந்த கையோடு போனேன். விடிந்தும் விடியாத வெளிச்சம். கரையின் மேட்டில் ஏறி நின்று பார்த்தால் கறுத்த தண்ணீர் முழுக்க மீன், வெள்ளை வயிறு மேலே தெரிய, குட்டி குட்டியாக. நாற்றத்துக்குக் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டேன். ஏரி மொத்தமும் தெரியட்டும் என்று தூரத்திலிருந்தே எடுத்தேன். கிட்டப் போய் ஒரு மீனை எடுத்தால், ஒரு மீன்தானே செத்தது என்று சொல்லிவிடுவார்கள். கல்யாணத்துக்குப் போட்ட கறுப்பு வெள்ளைச் சுருளில் மிச்சமிருந்த கொஞ்சத்தில் ஒன்றுதான் உருப்படியாக வந்தது. கடன் வாங்கிய என்லார்ஜரை வைத்து வீட்டுக் குளியலறையிலேயே பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். குளியலறையில் தூசுக்குப் பஞ்சமா? வானத்தில் அங்கங்கே புள்ளி விழுந்துவிட்டது, ஒரு முடிகூட விழுந்திருந்தது. கீழே தண்ணீரில் மீன்கள் தெளிவாக இருந்தன. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொடியில் படங்கள் ஏறின. பாதிப் பேர் வெடித்த மண்ணைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். "எல்லாவனும் ஒரே குளத்துக்கா போனீய?" என்றார் தலைவர். இன்னொருவர் பட்டமரத்துக்குப் பின்னால் சூரியனை வைத்திருந்தார். பொறுமையாக எல்லாவற்றுக்கும் நொட்டை சொல்லி முடித்து என் படத்துக்கு வந்தார்கள்.

"கரை ஒரு பக்கமா சாஞ்சிருக்குல்லா, நான் வெட்டி நேராக்கித் தாரேன்" என்றார் தலைவர். இன்னொருவர், இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் நின்றிருந்தால் பிரமாதமாக இருந்திருக்கும் என்றார். பெண்ணை எங்கிருந்து கொண்டுவருவது என்று தலைவர் கேட்டதும் குறையை வாபஸ் வாங்கிக்கொண்டார். டச்சப்காரன் பின்னாலிருந்தே எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமே, பிரிண்ட்டு இவ்ளோ அழுக்கா கீது? தூசு அள்ளிக் கொட்டிக் கீது. உடு, நானு பார்த்துக்குறேன். உன் படத்துல ஒரு புள்ளி இருக்காது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. வானத்தைத்தான் சொல்கிறான், முடியையும் எடுத்துவிடுவான். மீனைப் பற்றி யாரும் பேசவில்லை. பார்த்துவிட்டுப் பேச நா எழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் பேச வேண்டிய முறை வந்தபோது கண் சொருகிக்கொண்டு வந்தது, ஓவர்டைமாகக் கிடைத்த மத்தியான ஷிப்டுக்கு ரயிலையும் பிடிக்க வேண்டும். "எல்லாம் சரிதாம்பா, செஞ்சிடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். தலைவர் ஓரத்தை வெட்டி நேராக்கினார். அவன் படத்தைச் சுருட்டிப் பூந்தமல்லிக்கு எடுத்துப் போனான். ஃபிரேம் போட்டு நேரே கண்காட்சிக்கே கொண்டுவந்துவிடுவதாகவும் சொன்னான்.

கண்காட்சி ஆவடியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில். ஷிப்டை முடித்துவிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி ஏற்கெனவே உள்ளே போயிருந்தார். வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கல்யாணங்களுக்கு மட்டும் கட்டுகிற சேலையைக் கட்டி, பூ வைத்து வந்திருந்தாள்.

"எங்கடா நம்ம படம்? அவரு போயிடப் போறாரு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அதிகாரி என் படத்தின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற தலைவரிடம், "ரொம்ப அழகா இருக்கு சார். நம்ம பக்கத்துல இவ்வளவு சுத்தமான ஏரி ஒண்ணு இருக்கா?" என்றார்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"ஐயா, இது எங்க ஏரிதாங்க. எங்க மீனுங்கதாங்க. எப்படிச் செத்து மெதக்குது பாருங்க. நான் சொன்னா ஆபீஸ்ல நம்ப மாட்டேங்கிறாங்க. என் தம்பி புடிச்ச படங்க இது."

அவர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "எங்கேம்மா?" என்றார்.

அக்கா ஃபிரேம் கண்ணாடியின் மேல் விரலை வைத்தாள். விரல் இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று. பிறகு நின்றுவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் நானும் படத்தைப் பார்த்தேன். வானம் சுத்தமாக இருந்தது. தண்ணீரும் கரையிலிருந்து கரைவரை சுத்தமாக இருந்தது. ஒரு மீன் இல்லை. ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"மனு ஏதாவது இருந்தா ஆபீஸ்ல குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அதிகாரி வெடித்த மண் படங்களுக்குப் போய்விட்டார்.

யாரோ தோளைத் தட்டினார்கள். டச்சப்காரன். ராத்திரி தூங்காமல் கண்ணெல்லாம் சிவந்திருந்தது, முகம் நிறையச் சிரிப்பு.

"எப்படி மாமே? ஒரு புள்ளி கீதா சொல்லு. தண்ணி பூரா தூசு, ஒண்ணொண்ணா மை வெச்சி எடுத்தேன். வேற எவனாவது சொல்லியிருந்தா செஞ்சே இருக்க மாட்டேன், உனக்குன்னுதான் செஞ்சேன்."

அவனை அறையலாம் போல் கோபம் வந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு எப்படி அறைவது?

"டேய், அது தூசு இல்லடா. மீனு. செத்த மீனுடா."

"மீனா?" அவன் படத்துக்குக் கிட்டப் போனான். தான் மறைத்ததைத் தானே தேடினான், அவனுக்கும் கிடைக்கவில்லை. என் பக்கம் திரும்பினான். "சொல்லியிருக்கலாமே மாமே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றான்.

தலைவர் வந்து விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். நெகட்டிவ் இருக்கிறதே, இன்னொரு பிரிண்ட் போட்டுவிடலாம் என்று ஆறுதல் சொன்னார். போடலாம். அதிகாரியின் ஜீப் கிளம்புகிற சத்தம் வெளியே கேட்டது. நான் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இனி எந்த ஆபீஸ் வாசலில் யார் போய் நிற்பது என்றுதான் யோசனை ஓடியது.

டச்சப்காரன் அக்காவிடம் போனான். "மன்னிச்சிக்கோக்கா. சத்தியமா தூசின்னுதான் நெனச்சேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அக்கா அவனைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்குக் கிளம்புகிறவளாக அவன் கையை மெதுவாக விடுவித்தாள்.

"அழாதப்பா, நீ இன்னா பண்ணுவே? பட்டறைக்காரனும் இதத்தான் பண்றான். ஆபீசர் வர்றாருன்னு தெரிஞ்சா, முந்தின நாளே ஆள் வெச்சி செத்த மீன எல்லாம் வாரி எடுத்துடுறான். இன்னா ஒண்ணு, அந்த ஆளுங்களுக்கு அவன் கூலி குடுக்குறான். நீ சும்மாவே செஞ்சிக் குடுத்துட்டே."