ஆற்ற லீக்கில ஆர் பந்தடிக்கிறது?

மைதானத்தில கன்டீன் நடத்துறவைக்குப் பந்து கண்ணில படாது, பந்தடிச்சவையின்ர வாய்தான் காதில விழும். உங்களில ஆரும் கவுண்டருக்குப் பின்னால நிண்டு காலம் போக்கின ஆக்கள் இருந்தால் இப்ப தலையாட்டுவியள். நான் நிக்கிறது டென்மார்க்கில, இக்காஸ்ட் எண்ட ஊரில, ஒரு விளையாட்டு மைதானத்துக் கன்டீன்ல. கோப்பி இருக்கு, பொல்ஸர் எண்டு இவங்கள் சொல்லுற சொசேஜ் இருக்கு, சனிக்கிழமையில எங்கட மீன் ரோல்ஸும் இருக்கு. கோல் விழுந்தது சத்தத்தில தெரியும். ஆருக்கு விழுந்தது எண்டது, அடுத்ததாக் கோப்பி வாங்க வாற மூஞ்சியில தெரியும்.

இந்த வருசம் முழுக்க என்ர கவுண்டரில ஒரே கேள்விதான் ஓடினது. ஒரு கிளப் தன்ர ஆக்களோட தன்ர லீக்கில விளையாடுறதோ, இல்லாட்டிப் பக்கத்தில இருக்கிற பெரிய லீக்கில போய் விளையாடுறதோ? எனக்கு ஓஃப்சைட் எண்டால் என்னெண்டு இன்னும் வடிவா விளங்கேல்லை. எண்டாலும் இந்தக் கேள்வி என்னைப் பிடிச்சிட்டுது. கேளுங்கோ.

வேல்

ஹியூ எண்டு ஒரு வெள்ளைக்காரன். காத்தாலை செய்யிற பக்டரியில வேலை, டெனிஸ்காரியைக் கட்டினபடியால் இங்க வந்தவர். முதல் நாள் கோப்பிக்கு வரேக்க எந்த ஊர் எண்டு கேட்டன். "வேல்ஸ்" எண்டார். டெனிஸில வேல் எண்டால் திமிங்கிலம். எனக்கு வேல் எண்டால் முருகன்ர கையில இருக்கிறது. முருகனுக்கும் இவருக்கும் சம்பந்தம் இருக்காது எண்டு நினைச்சு, "திமிங்கிலம் பிடிக்கிறதோ தொழில்?" எண்டு கேட்டுப்போட்டன்.

மனுசன் கோப்பியை வச்சிட்டு, கை துடைக்கிற பேப்பரில படம் கீறிக் காட்டினார். நான் பள்ளிக்கூடத்தில பூமிசாத்திரம் படிக்கேக்க, வேல்ஸ் வர முதல் சண்டை வந்திட்டுது. அதால படத்தைப் பாத்திட்டு, "ஓ, இங்கிலாந்தோ?" எண்டன். அவ்வளவுதான், அவற்ற காது சிவந்திட்டுது. எனக்கு அந்தச் சிவப்பு தெரியும். இங்க ஒவ்வொருத்தரும் என்னைப் பாத்து "இந்தியாவோ?" எண்டு கேக்கேக்க என்ர காதும் அப்பிடித்தான், நிறத்தில வெளிய தெரியிறேல்லை. ஹியூ ஆறுதலாச் சொன்னார்: "என்னை என்ன சொல்லியும் கூப்பிடும், பக்கத்து வீட்டுக்காரன்ர பேரைச் சொல்லி மட்டும் கூப்பிடாதையும்."

அடுத்தவன்ர வளவு

கதையைத் தொடக்கினதே அந்த ஹியூதான். வேல்ஸுக்குச் சொந்தமா ஒரு லீக் இருக்காம். ஆனா அங்கத்தைப் பெரிய கிளப்புகள் சிலது அதில விளையாடுறேல்லையாம், இங்கிலாந்து லீக்கிலதானாம். "ஏன், உங்கட லீக்கில பந்து வட்டமில்லையோ?" எண்டு கேட்டன். சிரிச்சார். சொந்த லீக் தொடங்க முதலே அந்தக் கிளப்புகள் அங்க விளையாடிக்கொண்டிருந்ததாம், பேந்து வரச்சொன்னால் ஆர் வருவினம்? அங்க பாக்கிற சனமும் கூட. சொந்த லீக்கில நிக்கிற சின்னக் கிளப்புகளுக்கும் ஒரு நன்மை இருக்காம். அதில முதலாவதா வந்தால் ஐரோப்பாவில பெரிய ஆக்களோட ஒருக்கா மோதிப் பாக்கலாம்.

இன்னொண்டும் சொன்னார், அதுதான் எனக்கு நல்லாப் பிடிச்சது. வடக்கு வேல்ஸில இருந்து தெற்கு வேல்ஸுக்கு ரெயினில போறதெண்டால் இங்கிலாந்துக்குள்ளால பூந்துதான் வரோணுமாம். வடக்கில இருக்கிறவனுக்கு இங்கிலாந்துக்காரன் கிட்ட, சொந்தக்காரன்தான் தூர. "அப்ப நீர் எந்தக் கட்சி?" எண்டு கேட்டன். தன்ர ஊர்க் கிளப் சொந்த லீக்கிலயாம், ரீவியில பாக்கிற கிளப் இங்கிலாந்து லீக்கிலயாம், ரெண்டும் தனக்கு வேணுமாம். அதெப்பிடி எண்டதுக்குச் சொன்னார்: "ஒண்டு சந்தோசப்பட, மற்றது துக்கப்பட. எது எதுக்கெண்டது கிழமைக்குக் கிழமை மாறும்."

சாமத்தியவீடு

இப்ப எங்கட கதைக்கு வாறன். இக்காஸ்டில எங்களுக்கும் ஒரு கிளப் இருக்கு, ஆலங்குழி விளையாட்டுக் கழகம். தொடக்கினவர் கனகலிங்கம் அண்ணை, பேர் இலங்கையில இருக்கிற அவற்ற ஊர்ப் பேர். இப்ப கப்ரின் அவற்ற மகன் நிரோசன், வயோதிபர் இல்லத்தில வேலை செய்யிற பிள்ளை. ரீமில முக்கால்வாசிப் பேர் இங்க பிறந்த பெடியள். ஆலங்குழியைப் படத்திலயும் கண்டிருக்க மாட்டாங்கள், ஆனா அந்தப் பேரை முதுகில போட்டுக்கொண்டு ஓடுவாங்கள். இவ்வளவு காலமும் தமிழ் லீக்கிலதான் விளையாட்டு. எல்லா ரீமும் ஒரே நாளில ஒரு ஊரில வாடகை மைதானத்தில கூடும். ஒருக்கா விபோர்க், ஒருக்கா ஓல்போர்க்.

போன வருசம் ஒரு சனிக்கிழமை இவங்கள் விடிய எழும்பி ஓல்போர்க்குக்குக் கார் பிடிச்சுப் போனாங்கள். அங்க எதிர் ரீமில அரைவாசிப் பேர்தான் நிண்டவை. மிச்ச ஆக்கள் எங்கயெண்டால், கோல்கீப்பற்ற தங்கச்சி பெரியபிள்ளையாகி அண்டைக்குச் சாமத்தியவீடாம், எல்லாரும் ஹோலில பலூன் கட்டுகினமாம். கோல்கீப்பர் கோட்டுச் சூட்டோட வந்து மன்னிப்புக் கேட்டிட்டு, பலகாரம் ஒரு பை குடுத்து விட்டிருக்கிறான். பின்னேரம் திரும்பி வந்து என்ர கவுண்டரில அந்தப் பலகாரத்தை வச்சுச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாங்கள். அடுத்தமுறை ஓல்போர்க் எண்டால் "கிடர் இக்க" எண்டு பெடியள் சொல்லுறாங்கள். ஏலாது, மனமில்லை எண்டுறதை டெனிஸில அப்பிடித்தான் சொல்லுறது. நிரோசன் ஒரு பயித்தம் பணியாரத்தை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "அன்ரி, எந்த ரீமோடயும் மோதலாம், சாமத்தியவீட்டோட மோத ஏலாது."

சீரி செக்ஸ்

பெடியள் அதுக்குப் பிறகு வெளிப்படையாச் சொல்லிப்போட்டாங்கள். டெனிஸ் லீக்கில பதிஞ்சால் நிப்பமாம், இல்லாட்டி ஆளாளுக்கு டெனிஸ் கிளப்புகளுக்குப் போயிடுவமாம். போனால் மிச்சம் நிக்கிற ஆக்களை வச்சு ரீம் கட்ட ஏலாது, கிளப் அதோட சரி. இதுக்குள்ள தமிழ் லீக் ஆக்கள் ஒரு சட்டம் போட்டிட்டினம்: டெனிஸ் லீக்கில பதியிற ரீமுக்கு இங்க இடமில்லை. அப்ப கோடையில பாரிஸில தமிழ் ரீமுகளுக்கு நடக்கிற பெரிய போட்டிக்கும் போக ஏலாது. ஹியூவுக்கு இதைச் சொன்னன். "உங்களுக்கும் இந்த வருத்தமோ!" எண்டு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்திட்டார்.

டெனிஸ் லீக்கில ஆகக் கீழ்ப் பிரிவுகளுக்கு சீரி எண்டு பேர், அதுக்குப் பக்கத்தில ஒரு இலக்கம். புதுசா வாறவைக்கு ஆறாவது. டெனிஸில ஆறுக்குச் செக்ஸ் எண்டுறது. கனகலிங்கம் அண்ணை வெளிநாட்டுக்கு வந்து எவ்வளவு காலமெண்டாலும், பக்டரியில மிசினோட கதைச்சவரே தவிர மனுசரோட டெனிஸ் கதைச்சது குறைவு. அவர் கோப்பிக்கு வந்த நேரம் என்ர வாய் சும்மா இருக்குமோ? "அண்ணை, உங்கட நிரோசன் வாற வருசம் சீரி செக்ஸில விளையாடப் போறானாம், கேள்விப்பட்டனீங்களோ?" எண்டன். அவர் அங்கயும் இங்கயும் பாத்து, குரலைப் பணிச்சு, "சீரியலோ? ரீவியிலயும் போடுவாங்களோ?" எண்டார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிறதுக்குள்ள மனுசன் கதிரையில இருந்து எழும்பிட்டார்: "ஐயோ பிள்ளை, அவன் ரெண்டு பிள்ளையின்ர தகப்பனெல்லே!"

யெம்மபேன

விசயம் விளங்கினாப் பிறகு அண்ணைக்குக் கோவம் இன்னும் கூடிட்டுது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வச்சினம், என்ர கன்டீன்லதான். நான் கோப்பி ஊத்திற சாட்டில எல்லாம் கேட்டன். "தமிழ் லீக்கில தோத்தாலும் தமிழனிட்டத் தோக்கிறம்" எண்டு அண்ணை. "அப்பா, ஆளே வராத இடத்தில எப்பிடித் தோக்கிறது?" எண்டு நிரோசன். கையுயர்த்தினால் சரி பாதி. மூத்த ஆக்கள் எல்லாரும் ஒரு பக்கம், பெடியள் எல்லாரும் மற்றப் பக்கம். தலைவர் எண்டபடியால் கடைசி வாக்கு அண்ணையின்ர. நிரோசன் தகப்பனைப் பாக்கேல்லை, மேசையைத்தான் பாத்துக்கொண்டிருந்தான். தகப்பன் மாட்டன் எண்டால், அடுத்த கிழமை அவனுக்குக் கப்ரின் பட்டம் மட்டும்தான் மிஞ்சும், ரீம் மிஞ்சாது.

அந்த நேரம் பாத்து மைதானப் பொறுப்பாளர் யென்ஸ் உள்ளுக்கு வந்தார். "நீங்கள் பதியிறதெண்டால் இப்பவே சொல்லுங்கோ, உங்கட யெம்மபேன எது?" எண்டு கேட்டார். யெம்ம எண்டால் வீடு. அண்ணைக்கு அந்தச் சொல்லு மட்டும் விளங்கினது. நெஞ்சை நிமித்திக்கொண்டு "ஆலங்குழி" எண்டார். யென்ஸ் யோசிச்சார். பக்கத்து ஊர் ஹெர்னிங்குக்கு அங்காலயோ எண்டு கேட்டார். பெடியள் விழுந்து விழுந்து சிரிச்சாங்கள். நிரோசன் சிரிக்கேல்லை, தகப்பனுக்குத் தமிழில சொன்னான்: "அது ஊரைக் கேக்கேல்லை அப்பா. சொந்த மைதானத்தைக் கேக்கிறார். டெனிஸ் லீக்கில பாதி விளையாட்டுக்கு நாங்கள் அவையிட்டப் போவம், பாதிக்கு அவை இங்க வருவினம்."

அண்ணை கோப்பிக் கோப்பையை வச்ச இடத்தில இருந்து எடுத்து, திரும்பவும் அங்கயே வச்சார். யோசிச்சுப் பாருங்கோ. கிளப் தொடக்கின நாளில இருந்து அந்த மனுசன் வாடகை மைதானம் வாடகை மைதானமாப் பெடியளை ஏத்திக்கொண்டு திரிஞ்சவர். ஒரு ரீமாவது தங்களைத் தேடி வந்தது கிடையாது. கண்ணாடிக்கு வெளியால மைதானத்தைப் பாத்தார், யென்ஸைப் பாத்தார், பிறகு மகனைப் பாத்துக் கேட்டார்: "அப்ப, அவங்கள் எங்களிட்ட வருவாங்களோ?"

முதல் சனிக்கிழமை

வந்தாங்கள். பக்கத்துக் கிராமத்து ரீம், பாதிப் பேர் சைக்கிளில. அண்ணை கேற் வாசலில பொம்பிளை வீட்டுக்காரன் மாதிரி நிண்டு, ஒவ்வொருத்தனுக்கும் கை குடுத்து, "வெல்கொமன், வெல்கொமன்" எண்டு உள்ளுக்கு விட்டார். ரெபரிக்கும் ரெண்டுதரம் கை குடுத்தார். மூத்த ஆக்களில சிலபேர் வரேல்லை. அவை விபோர்க்குக்குப் போயிட்டினம், தமிழ் லீக் அதே நாளில அங்க தொடங்கினது, எங்கட ரீம் இல்லாமல். அண்ணையின்ர போனுக்கு அங்கத்தை ஸ்கோர் வந்துகொண்டேயிருந்தது. ஒவ்வொரு முறையும் எடுத்துப் பாத்திட்டுப் பொக்கற்றுக்குள்ள வைப்பார். ஒரு கட்டத்தில என்னட்டக் கொண்டுவந்து, "இதைக் கொஞ்சம் வச்சிரு பிள்ளை" எண்டு தந்திட்டுப் போனார்.

பந்தைப் பற்றி என்னட்டக் கேக்காதேங்கோ. சத்தத்தை வச்சுப் பாத்தால் எங்கட வலைதான் நெடுக ஆடினது. பெடியள் தோத்துக் களைச்சு வந்து இருந்தாங்கள். ஹியூ ஆறுதல் சொல்ல எழும்பினார். அதுக்குள்ள கனகலிங்கம் அண்ணை வந்திட்டார். முகத்தில தோல்வி இருக்கோ எண்டு தேடிப் பாத்தன், கண்டுபிடிக்க ஏலேல்லை. நிரோசன்ர தோளில சேறு ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டுக்கொண்டு, கன்டீன் முழுக்கக் கேக்கச் சொன்னார்: "தோத்தால் என்ன? எங்கட வீட்டுக்கு வந்தெல்லே அடிச்சவங்கள்!"

ஆர் ஆற்ற லீக்கில பந்தடிக்கோணும் எண்டதுக்கு வேல்ஸிலயும் இன்னும் முடிவில்லை, இக்காஸ்டிலயும் முழுசா இல்லை, கன்டீன்காரி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தோத்த ரீம்தான் கூடச் சாப்பிடும் எண்டது மட்டுந்தான்.